இருபது ரூபாய்க்கு ஒரு மணி நேரம்

பிப். 27, ஞாயிறு

புழுக்கம். மின்விசிறி காலையிலிருந்து கிறீச். இதை பெங்காலி நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். அம்மாவுக்கு பெங்காலி படிக்க வராது, திறக்க மாட்டாள்.

கணபதி மாமா வந்தார். பேங்க் ஆபீசர், எதையும் நம்ப மாட்டார். அப்பா வாங்க நினைக்கும் இன்டர்நெட் கம்பெனி ஷேரைப் பற்றிச் சண்டை.

"ஒரு பைசா லாபம் காட்டலயேவே. எதை வச்சு இந்த வெல ஏறுது?"

"நீரு லெட்ஜர்லயே கெடயும். ரோடு லாபமா சம்பாதிக்கி? ரோடு போட்டாத்தான் கடை வரும்."

"ரோட்டை நான் பாத்திருக்கேன். இதை யாருவே பாத்தா?"

"செல்வி பாத்துட்டு வருவா. கம்ப்யூட்டர் படிக்கால்லா!"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பெருமையாக இருந்தது.

மார்ச் 1, புதன்

1. வரலாறு டெஸ்ட், சுமார்.
2. சைபர் கஃபே. அப்பா தந்த இருபது ரூபாய், ஒரு மணி நேரம்.

கம்பெனியின் பக்கம் திறக்கவே இல்லை. வெள்ளையாக நின்றது. கூட வந்த வகுப்புத் தோழி மௌஷுமி "விடுடீ" என்றாள். மிச்ச நேரம் முழுக்க ராசிபலன் பார்த்தோம். அவளுக்கு வெளிநாட்டுப் பயணமாம்.

வீட்டில் மாமாவும் இருந்தார். "நல்லாருக்குப்பா, நிறையப் படம்," என்றேன்.

"என்னம்மா விக்கான்?" மாமா.

"எல்லாம்."

அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். "கேட்டீரா?"

மார்ச் 3, வெள்ளி

வாங்கிவிட்டார். பெஹாலாவில் வாங்கவிருந்த ஃப்ளாட்டுக்குக் கட்ட வைத்திருந்த பணம் முழுவதும். போர்ட் வேலையிலிருந்து வி.ஆர்.எஸ். வாங்கி வெளியே வந்தபோது கிடைத்த பணத்தில் மிஞ்சியது அதுதான். ஜூனில் போர்ட் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும்.

மார்ச் 21, செவ்வாய்

நகத்தில் ஹோலிச் சாயம் போகவில்லை. ஷேர் தினமும் இறங்குகிறது. இன்று விற்கப் பார்த்தாராம், வாங்க ஆளே இல்லையாம். அப்பா சாப்பிடவில்லை.

மார்ச் 22, புதன்

டியூஷனுக்குப் போகாமல் தனியாக சைபர் கஃபே. இன்று திறந்தது. மண் தோண்டும் ஆளின் பொம்மைப் படம் ஒன்று. கீழே "விரைவில் வருகிறோம்" என்று இங்கிலீஷில். வேறு ஒன்றும் இல்லை. மூலையில், இதுவரை பக்கத்தைப் பார்க்க வந்தவர்கள் எண்ணிக்கை: 212. மூடித் திறந்தேன். 213.

அதுவும் நான்தான்.

மார்ச் 23, வியாழன்

சொல்லிவிடுவது என்று முடிவு. மூன்று தரம் ஹால் வாசல்வரை போனேன். மாமா பேசிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு நாலு பேரு வாங்கக் கேட்டிருக்கான். கெடச்ச வெலைக்குத் தள்ளிட்டு வெளிய வாரும். பாதியாவது மிஞ்சும்."

"மலிவா இருக்கும்போது இன்னும் வாங்கணும்வே. சராசரி வெல கொறயும்லா? செல்வி அம்மா வளையல் இருக்கு."

"கிறுக்கு பிடிச்சிருக்கா உமக்கு? அங்க கம்பெனின்னு ஒண்ணு இருக்கா இல்லையான்னே தெரியல."

"செல்வி கண்ணால பாத்திருக்கா. எம்மக பொய் சொல்லுதாங்கீரா?"

மாமா உடனே, "சே சே, பிள்ளைய ஒண்ணும் சொல்லலவே," என்றார். பிறகு எழுந்து செருப்பைத் தேடினார்.

நான் திரும்பி வந்து படுத்துக்கொண்டேன்.

நாளை காலை. பல் தேய்க்கும் முன். கட்டாயம்.

மார்ச் 24, வெள்ளி

எழுந்தபோது ஏழரை. அப்பாவும் அம்மாவும் அடகுக் கடைக்குப் போயிருந்தார்கள்.

ராத்திரி அம்மா சோறு போட்டாள். கரண்டிச் சத்தம் மட்டும். எப்போதும் கூடவே கேட்கும் இன்னொரு சத்தம் இல்லை. குனிந்தே சாப்பிட்டேன்.

கை கழுவி வந்ததும் அப்பா இருபது ரூபாய் நீட்டினார். "நாளைக்குப் போயி, புதுசா என்ன போட்டிருக்கான்னு பாத்துட்டு வாட்டி."

வாங்கிக்கொண்டேன்.