லாண்டரியில வேலை பாத்த டெய்சி அம்மா

திருக்காட்டுப்பள்ளி
ஞாயித்துக்கெழம சாயங்காலம்

அன்பு மகள் சுடர்விழிக்கு அப்பா எழுதுறது. நானும் ஒன் தங்கச்சி லின்சியும் இங்க சொகமா இருக்கோம், நீ அங்க ஆஸ்திரேலியாவுல ஒடம்பு நோவு இல்லாம இருக்கணும்னு மாதாகிட்ட கேட்டுக்கறோம். இந்த வரிய இத்தன நாளா வாய் மட்டும்தான் சொல்லிட்டிருந்துச்சு, இப்ப கொஞ்சம் நெசமாயிருக்கு, அதான் எழுத ஒக்காந்தேன். உங்கம்மா ஆனி மாசம் போனதுலேர்ந்து நீ போன் பண்றப்பல்லாம் ம், சரி, சாப்ட்டேன், இதத் தவிர நான் ஒண்ணும் பேசல. துக்கம்னு கூட சொல்ல முடியாது, ஒண்ணுமே இல்லாம இருந்துச்சு. குறுவை நெல்லு ஈரத்தோட வந்து குமியுது, ரைஸ் மில்லுல டிரையர் நிக்கவே இல்ல, பேரிங் சத்தம் லேசா மாறுனாக் கூட மில்லு வாசல்லயே கண்டுபிடிச்சிடுவேன், வீட்டுல லின்சி பக்கத்துல நின்னு கூப்புட்டா காதுல விழாது. அப்படித்தான் இருந்தேன்.

மொதல்ல விசயத்த சொல்லிடறேன், லின்சிய ஓசூருக்கு அனுப்பல. ரீத்தா சித்தி கூட்டிட்டுப் போயி அங்கயே படிக்க வைக்கறதா இருந்தது ஒனக்குத் தெரியும், நீயும்தான் அதுதான் நல்லதுப்பான்னு சொன்னே, நானும் ம்னு சொன்னேன். ஸ்கூல்ல டி.சி.க்கு எழுதிக் கொடுத்தாச்சு, ட்ரெயினுக்கு டிக்கெட்டும் போட்டாச்சு. அனுப்பல. கோவப்படாம மேல படி, இதுல ஒனக்கும் பங்கு இருக்கு.

நீ வேலை பாக்கற முதியோர் இல்லத்துல லாண்டரியில ஒன்கூட துணி மடிக்கற ரூபி, அவங்களோட கொள்ளுப்பாட்டி டெய்சி அம்மாவப் பத்தி ஒரு நீளமான வாய்ஸ் அனுப்பியிருந்தியே, எங்க குடும்பக் கதைதான், ஒங்கப்பாகிட்ட தாராளமா சொல்லுன்னு அவங்களே சொன்னதா சொல்லியிருந்தியே, அத நான் பாய்லர் பக்கத்துல நின்னு கேட்டேன். கேட்டுட்டு போனப் பையில போட்டுட்டுப் போயிட்டேன். ஆனா அந்த அம்மா மனச விட்டுப் போகல. அந்த நாட்டு ஆதிக்குடி சனங்க காலங்காலமா இருந்த ஆத்தங்கரைய வெள்ளக்காரன் ஆட்டுப்பண்ணையாக்கிட்டு, அவங்க மண்ணுலயே அவங்கள வேலைக்காரியா வச்சிக்கிட்டு, கூலின்னு மாவும் டீத்தூளும் ஒரு போர்வையும் கொடுத்தான்னு சொன்னியே, பண்ணையாளுன்னா என்னன்னு நம்ம குடும்பத்துக்கு யாரும் வெளக்க வேணாம். அவங்களுக்குன்னு சொந்தப் பேரு ஒண்ணு இருந்துச்சு, அத வெளியாளுங்ககிட்ட சொல்றதில்ல, டெய்சிங்கறது எசமானியம்மா வாயில நொழையறதுக்கு வச்ச பேருன்னு ரூபி சிரிச்சாங்கன்னு சொன்னே, நல்ல சிரிப்புதான் அது. மூத்தது பொண்ணு, அடுத்தது பையன், ரெண்டும் கொஞ்சம் வெளுப்பா பொறந்துடுச்சு, அப்பன் அங்க மேற்பார்வை பாத்த வெள்ளக்காரன், எம்புள்ளன்னு அவன் சொல்லிக்கல. அதுக்காவவே கெவருமெண்டு ஆளுங்க வந்து ரெண்டு புள்ளையையும் வண்டியில ஏத்தி மிஷன் விடுதியில கொண்டு போயி அடைச்சிட்டாங்க.

மிஷன்னதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு சுடரு. நம்ம பூட்டனார் பண்ணையாளா இருந்தவரு, சாமியாருங்க நடத்துன பள்ளிக்கூடத்துல புள்ளைய சேத்ததாலதான் நம்ம வீட்டுல எழுத்து வந்துச்சு, நான் டிப்ளமோ வரைக்கும் வந்தேன், நீ கடல் தாண்டிப் போனே. எனக்கு மிஷன்னா கையப் புடிச்சுத் தூக்கிவிட்ட எடம். அதே மிஷன் அந்த அம்மாவுக்கு வேலி. ரெண்டும் நெசந்தான், எதையும் என்னால கழிக்க முடியல.

ஆனா அந்த அம்மா ஒப்பாரி வச்சிக்கிட்டு நிக்கலியே. ஆத்தோரமாவே நடந்து மிஷனுக்கு வந்து, வேலிக்கு வெளியில குடிசை போட்டு, உள்ள போயி லாண்டரியில வேலை கேட்டு வாங்கியிருக்காங்க. புள்ளைங்ககிட்ட பேசக்கூடாதுன்னு சட்டம். சரின்னு தலையாட்டிட்டு, விடுதித் துணியெல்லாம் அவங்க கைக்குத்தானே வரும், சட்டைக் காலர்ல மையில போட்ட நம்பர வச்சு எது தன் மக துணின்னு கண்டுபிடிச்சிட்டாங்க. முட்டியில கிழிஞ்சிருந்தா விழுந்திருக்கா, படுக்கத் துணி நனைஞ்சிருந்தா பயந்திருக்கா, அப்படித் துணிய வச்சே புள்ளைய வளத்திருக்காங்க. அந்தப் பொண்ணு வளர வளர கவுனோட கீழ் மடிப்ப கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சு எறக்கித் தச்சுப் போட்டிருக்காங்க, எல்லாப் புள்ளையும் குட்டைக் கவுனோட நிக்க அது மட்டும் அளவா போட்டுட்டுத் திரிஞ்சிருக்கு. பெரியவளாகி வெளிய விட்ட அன்னிக்கு அது நேரா லாண்டரிக்குப் போயி, என் கவுன இத்தன வருசமா தச்சது நீதானேன்னு நின்னுச்சாமே. நடுவுல வேற எடத்துக்கு மாத்திட்ட தம்பியையும் அப்பறம் அந்த அம்மாவே தேடிக் கூட்டியாந்துட்டாங்க. இன்னிக்கு ரூபி குடும்பம் ஒண்ணு சேந்தா எந்த ஹாலும் பத்தாதுன்னு சொன்னே. எத்தன பெரிய மனுசி. கத்தி எடுக்கல, கோர்ட்டுக்குப் போகல, அவங்க போட்ட சட்டத்துக்குள்ளயே நின்னு தாயா இருந்துட்டாங்க.

வெள்ளிக்கெழம லின்சி துணியெல்லாம் பொட்டியில அடுக்கிட்டிருந்தேன். ஏதோ மெஷின் பார்ட்டு பார்சல் போடற மாதிரிதான் அடுக்குனேன். யூனிபார்ம் ஸ்கர்ட்ட எடுத்தப்ப, அது குட்டையாயிடுச்சுப்பா, மிஸ் திட்டுனாங்க, ஒங்ககிட்ட சொன்னேன், நீங்க ம்னீங்கன்னா. திருப்பிப் பாத்தா உள்ள உங்கம்மா நாலு விரக்கடை மடிச்சு விட்டிருக்கா, இவ வளருவான்னு. அந்த அம்மாகிட்டேர்ந்து புள்ளைய பிடுங்கிட்டுப் போனாங்க சுடரு, நான் டிக்கெட் போட்டு, தொட்டுக்கப் பொடியெல்லாம் கட்டி அனுப்ப இருந்தேன். ரீத்தாவ அந்த ஆளுங்களோட சேத்துடாத, அவ மனசு தங்கம். எங்கிட்டத்தான் கோளாறு. பிளேடால மடிப்பப் பிரிச்சு, உங்கம்மா தையல் மெஷின்லயே ஓட்டுனேன். மெஷினக் கழட்டி மாட்டத் தெரியும், தைக்கத் தெரியாது, கோணலா போயிடுச்சு. லின்சி போட்டுப் பாத்துட்டு, அம்மா மாதிரி இல்ல, பரவால்ல, உள்பக்கம்தானேன்னா.

லின்சிய கூட்டிட்டுப் போக வந்திருந்த ரீத்தாகிட்ட அனுப்பலம்மான்னு சொன்னதும் புடிபுடின்னு புடிச்சிக்கிட்டா. மாமா நீங்க ஷிப்டுக்குப் போயிட்டா புள்ளைக்கு யாரு சோறு போடுவா, நாளைக்கு அவ பெரியவளானா நீங்க என்னத்தப் பாப்பீங்கன்னா. அன்னிக்கு நீ வா, அதுக்கு இன்னும் வருசம் கெடக்குன்னேன். ஒங்களுக்கு வாய் திரும்ப வந்துடுச்சு போலன்னா. அப்பறம் அவளே என்னைய ஒக்கார வச்சு சடை பின்னக் கத்துக்கொடுத்தா, ஒயர முறுக்கற மாதிரி முறுக்காதீங்க, அது மண்டைன்னு தலையில அடிச்சிக்கிட்டா. மில்லு ஓனர் பாசித் பாய்கிட்ட இனிமே பகல் ஷிப்டு கொடுங்க பாய்னு கேட்டேன், ஒன்ன எவன்பா நைட்டுல போட்டான், வீட்டுக்குப் போவ முடியலன்னு நீயா கேட்டு வாங்குனதுதானேன்னாரு. அதுகூட எனக்கு ஞாபகமில்ல. கோயில்ல சிலபேரு நாப்பத்திரெண்டு ஒரு வயசா, வேற பொண்ணு பாக்கலாம்னு பேசுறாங்களாம், ஒன் காதுக்கு வந்தா சட்ட பண்ணாத.

இன்னிக்கு மத்தியானம் ட்ரெயின் புடிக்க ரீத்தாவ பஸ் ஏத்திவிட்டோம். பஸ் திரும்புற வரைக்கும் லின்சி கையாட்டிட்டு, அப்ப நான் நாளைக்கு ஸ்கூலுக்குப் போவணுமாப்பான்னா. ஆமான்னேன். மூஞ்சி தொங்கிடுச்சு. நாளைக்குக் கணக்கு டெஸ்ட்டாம், ஓசூருக்குத்தானே போறோம்னு ஒண்ணும் படிக்கலியாம். எனக்குச் சிரிப்பு வந்துச்சு, சிரிச்சிக்கிட்டே இருந்தவன் அழ ஆரம்பிச்சிட்டேன், உங்கம்மாவ எடுத்த அன்னிக்கும் வராத அழுகை, பஸ் ஸ்டாண்டுல நாலு பேரு பாக்க. லின்சி என் சட்டையப் புடிச்சி இழுத்து, டெஸ்ட்டு எனக்குத்தானே, நீங்க ஏன்ப்பா அழுவுறீங்கன்னு கேக்கறா.

கல்லறைத் திருநாளுக்கு உங்கம்மாவுக்கு மெழுகுவத்தி ஏத்தறப்ப டெய்சி அம்மாவுக்கும் ஒண்ணு ஏத்தலாம்னு இருக்கேன், அவங்க வழக்கத்துல அது சரியான்னு மறக்காம ரூபிய கேளு, கூடாதுன்னா விட்டுடறேன். அவங்களுக்கு என் வணக்கத்த சொல்லு. சித்திக்குப் போன் போட்டு நல்லபடியா பேசு. குளிருக்குக் காதுல துணி கட்டு, பட்டினி கெடந்து வேலைக்குப் போவாத. ஆண்டவரும் மாதாவும் ஒங்கூடவே நடக்கட்டும், உங்கம்மா ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும் ஒன் தலை மேல இருக்கட்டும்.

இப்படிக்கு
ஒன்னையும் லின்சியையும் பெத்த
அப்பா ரெமிஜியஸ்