அந்த ஒரு சொல்லை எடுத்துவிடுங்கள்

ஜூன் 3

அகராதி அம்மாளுக்கு,

இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. "உங்க வீட்டம்மா கையெழுத்து போட்டாங்களா இல்லையா சார்?" என்று வக்கீல் போனில் பிய்த்தெடுக்கிறார். மனமொத்துப் பிரியலாம் என்று முதலில் சொன்னது நீதானே? பிறகு ஏன் இழுத்தடிக்கிறாய்? கடையில் நிற்கிறேன், மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. நேற்று இருமல் மருந்து கேட்டவருக்குக் காது மருந்தை நீட்டிவிட்டேன். நல்லவேளை, அவரே பார்த்துத் திருப்பித் தந்தார்.

மருந்துக்கடைக்காரன்

ஜூன் 9

அன்புள்ள மருந்துக்கடைக்காரருக்கு,

காது மருந்துக் கதையைப் படித்துப் பதறிவிட்டேன். ஒழுங்காகத் தூங்குகிறீர்களா?

கையெழுத்து போடத்தான் உட்கார்ந்தேன். விவாகரத்து மனுவில் வக்கீல் எழுதியிருப்பதைப் பார்த்தீர்களா? நாம் 'கார்டியல்' உறவோடு பிரிகிறோமாம்! அகராதி அலுவலகத்தில் அந்த ஆங்கிலச் சொல்லோடு ஒரு வாரம் மல்லுக்கட்டியவள் நான். இதயத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இதயத்துக்குத் தெம்பு தரும் மருந்துக்கும் அதுதான் பெயர், உங்கள் கடைச் சரக்கு. பிறகுதான் மனம் நிறைந்த நட்பு என்ற பொருள். இப்போது அதிகாரிகள் கைகுலுக்கும்போது சொல்லிச் சொல்லி, அதன் சூடே ஆறிப்போயிற்று.

நம்மிடம் இதில் எது இருந்தது? "சாப்டாச்சா?" "ம்." கடைசி வருஷம் முழுக்க இதுதானே நம் பேச்சு! அந்தச் சொல் இருக்கும்வரை கையெழுத்து போட மாட்டேன். பிடிவாதம் என்றால் பிடிவாதம்தான்.

அகராதி

ஜூன் 14

அகராதி அம்மாளுக்கு,

நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும். "ஒரு வார்த்தைக்கா இவ்வளவு அக்கப்போரு?" என்று வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். அந்த வரியையே எடுத்தாயிற்று. புதுத் தாள் இணைத்திருக்கிறேன். தூக்கம் பரவாயில்லை.

மருந்துக்கடைக்காரன்

ஜூன் 19

அன்புள்ள உங்களுக்கு,

தபால் வரும் நேரமெல்லாம் மேசைக்கும் வாசலுக்கும் நடந்தேன். அலுவலகத்தில், "என்னக்கா, கால்ல சக்கரமா?" என்று கேலி வேறு. "யார் சொன்னது? அந்தச் சொல் நமக்குப் பொருந்தும்" என்று சீறி எழுதுவீர்கள், பதிலுக்கு நானும் சீறலாம், இப்படியே இன்னும் நாலு கடிதம் ஓடும் என்று ஆசைப்பட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் ஆசைப்பட்டேன்.

நீங்களோ, சரி என்று ஒரே வரியில் விட்டுக்கொடுத்துவிட்டீர்கள். நம் வீட்டில் எல்லாவற்றுக்கும் இப்படித்தான் சரி என்றீர்கள். நான் போகிறேன் என்றபோதும்.

கையெழுத்து போட்டுவிட்டேன். தாள் இத்துடன் இருக்கிறது. ஒரு சொல்லுக்காகவாவது என்னோடு சண்டை போட்டிருக்கலாம்.

அகராதி