ஷாலினியின் ரெசுமேயும் என்னுடையதும்

செவ்வாய்க்கிழமை இரவு

தம்பி மகள் ஷாலினி நடத்தும் ஃபேஸ்புக் பக்கத்துக்கு நான் கூடமாட உதவினேன் என்று தம்பி வீட்டில் சொல்லித் திரிகிறார்கள். அது பொய். கோயில் மகளிர் குழுவின் பக்கத்தை மூன்று வருடமாக நடத்துவது நான். ஷாலினி அதில் ஒரு படம்கூடப் போட்டதில்லை.

இன்று மத்தியானம் தன் ரெசுமேயைக் கொண்டுவந்து காட்டினாள். பட்டர்வொர்த் டவுனில் ஒரு கம்பெனியில் சோஷியல் மீடியா வேலையாம். அந்தப் பக்கத்தைத் தானே தனியாக வளர்த்ததாக எழுதியிருந்தாள். அடியில், 'என்னைப் பற்றி விசாரிக்க' என்ற இடத்தில் என் பெயரும் நம்பரும்.

"இது நான் செஞ்ச வேலை இல்லையா?" என்றேன்.

"ஐயோ அத்தை, இந்த வயசுல நீங்க என்ன இன்டர்வியூக்கா போகப்போறீங்க? போன் வந்தா நல்லா சொல்லுங்க லா."

அந்த வேலைக்கான விளம்பரத்தை எனக்கும் அனுப்பச் சொன்னேன். சிரித்துக்கொண்டே அனுப்பினாள்.

சாயங்காலமே விண்ணப்பித்துவிட்டேன். என் ரெசுமே ஒரே தாள், ஒரு பிழை இல்லை. வயது எழுபத்திரண்டு என்பதை மறைக்கவில்லை. என் பதிவுகளைத் தேதியோடு இணைத்தேன். என்னைப் பற்றி விசாரிக்க: ஷாலினி. அவள் நம்பர். கேட்கட்டும், என்ன சொல்கிறாள் பார்ப்போம்.

தம்பி வீட்டில் காட்ட ஒரு தாள் வேண்டுமே என்று கடைசி வரியாக இதை எழுதினேன்: வேலை உண்டோ இல்லையோ, உங்கள் பதிலைத் தயவுசெய்து எழுத்தில் அனுப்புங்கள்.