சாக்ஸுக்குள் வளையல்

நெய்வேலி, 21-வது வட்டம்
14.6.2014

அன்பு மாமா,

இல்லை, நிறுத்தவில்லை. இன்று காலையும் ஓடினேன். நேற்று போனில் நீங்கள் கேட்டபோது உங்கள் அம்மா பக்கத்தில் நின்றார்கள், அதனால் "ம்" என்று மட்டும் சொன்னேன். அந்த "ம்" பொய்.

நம் குவார்ட்டர்ஸில் முன் ஜன்னலில்தான் டவர் கிடைக்கிறது. அங்கே நின்று பேசினால் தெருவுக்கே கேட்கும். அதனால்தான் கடிதம்.

ஐந்தாம் மாதம். டாக்டரம்மா ஒன்றுதான் கேட்டார்: முன்பே ஓடிக்கொண்டிருந்தவளா? ஆமாம், கல்லூரியிலிருந்து. அப்படியானால் ஓடு, பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில். வலித்தாலோ ரத்தம் பட்டாலோ நிறுத்திவிட்டு நேரே இங்கே வா. அப்படித்தான் ஓடுகிறேன். பேசியும் பார்க்கிறேன், உள்ளே இருப்பதிடம்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். உங்களுக்கு யார் சொன்னது? நீங்கள் ராஜஸ்தானில் இருக்கிறீர்கள். நான் திரும்பி வந்து கேட்டருகே இருமியது வரை தெரிந்திருக்கிறது. எதிர்வீட்டு உமாராணி அக்காவா? கோலம் போட்டுக்கொண்டே, "என்னாடி எழிலு, புள்ளைய வயித்துல வச்சிக்கினு மெடல் வாங்கப் போறியா?" என்றார்கள். சிரித்துக்கொண்டுதான். இல்லை, ஷிப்ட் பஸ் ஓட்டும் வேணு அண்ணனா? என்னைத் தாண்டும்போது பஸ்ஸை மெதுவாக்குகிறார்.

அத்தையைச் சந்தேகப்பட மனசு வரவில்லை. வராமலும் இல்லை.

எழில்

*

பிகானேர்
27.6.2014

அன்புள்ள எழில்,

யார் சொன்னால் என்ன? சொன்னது பொய்யா?

இங்கே மைன்ஸில் ஒரே புழுதி. துவைத்த சட்டை காய்வதற்குள் மஞ்சளாகிவிடுகிறது. சாப்பாட்டுக்குக் குறையில்லை. நீ மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடு. கீரை சாப்பிடு.

போன வருஷம் செகண்ட் ஷிப்டில் இருந்தபோது போன் வந்தது. அம்மா அழுகிறாள். பின்னால் நர்ஸ் யாரையோ கூப்பிடுகிறாள். உன் சத்தம் மட்டும் இல்லை. லீவு வாங்கி, ரயில் மாறி மாறி நான் வந்து சேர்ந்தபோது, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய்.

அதற்கு முந்தின நாளும் நீ ஓடியிருந்தாய். நான் அப்போது எதுவும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

உன்,
கருணாகரன்

*

நெய்வேலி
30.8.2014

அன்பு மாமா,

கேட்கவில்லை என்று எழுதுவதும் ஒரு கேள்விதான். ஓடியதால் கலையவில்லை என்று டாக்டரம்மா சொன்னபோது நீங்கள் என் பக்கத்தில் நின்றீர்கள். தலையாட்டினீர்கள். நம்பித் தலையாட்டினீர்கள் என்று ஒரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வளைகாப்பு முடிந்தது. உங்களுக்கு லீவு கிடைக்கவில்லை என்று வந்தவர்கள் எல்லோரிடமும் அத்தை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மா கம்மாபுரத்திலிருந்து தூக்கு தூக்காகச் சோறு கட்டிக்கொண்டு வந்தாள். முழங்கை வரை கண்ணாடி வளையல். வேப்பங்காப்பு வேறு. பிரசவத்தன்று ஆஸ்பத்திரியில்தான் கழற்ற வேண்டுமாம். ஆஸ்பத்திரி பக்கம் என்பதால் ஒன்பதாம் மாதம் வரை இங்கேயே இருக்கட்டும் என்று அத்தை அம்மாவிடம் பேசிவிட்டார்கள்.

வளையலோடு ஓடினால் தெருவே விழிக்கிறது. படுத்திருக்கும் நாய்கூடத் தலையைத் தூக்குகிறது.

வேணு அண்ணனின் பஸ் வராத பக்கமாக ரோட்டை மாற்றிக்கொண்டேன். உமாராணி அக்காவோடு பேசுவதில்லை. "நான் என்னா பண்ணேன் ஒன்ன?" என்று நேரே கேட்டார்கள். நிற்காமல் ஓடிவிட்டேன். இப்போது என்னைப் பார்த்ததும் கோலப்பொடியோடு முதுகைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

அப்படியும் நேற்று போனில், "சீக்கிரம் திரும்பிட்டியாமே" என்கிறீர்கள். யார் மாமா? இந்தத் தெருவில் நான் இன்னும் யாரை வெறுக்க வேண்டும்?

எழில்

*

பிகானேர்
19.9.2014

எழில்,

வளையலைக் கழற்றிவிட்டு ஓடுகிறாயாமே.

உன் அம்மா போட்டுவிட்டது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று நினைத்திருப்பாய். இப்போது எனக்கு எல்லாவற்றிலும் நம்பிக்கை இருக்கிறது.

சத்தம் வராமல் போக வேண்டிய இடம் எது? போகிறாய். வருகிறாயா இல்லையா என்றே தெரியவில்லை.

கருணாகரன்

*

நெய்வேலி
28.9.2014

மாமா,

வளையல் கையில்தான் இருக்கிறது.

உங்கள் பழைய சாக்ஸின் நுனியை வெட்டி, வளையலுக்கு மேல் உறை மாதிரி மாட்டிவிட்டது அத்தைதான். "தடுக்கி விழுந்தா கண்ணாடி குத்திரும் தாயி. ஓடுறதுன்னா இதப் போட்டுக்கிட்டு ஓடு." முதல் நாள் அப்படிப் போனபோது, உமாராணி அக்கா கோபத்தை மறந்து வாய்விட்டுச் சிரித்துவிட்டார்கள். "என்னாடி, கைக்கும் ஷூ போட்டுக்கினியா?"

யோசித்துப் பார்த்தேன். என்னைப் பார்த்தவர் யாராக இருந்தாலும் சாக்ஸைப் பற்றித்தான் உங்களிடம் சொல்லியிருப்பார். சாம்பல் நிறச் சாக்ஸை முழங்கை வரை மாட்டிக்கொண்டு ஓடும் கர்ப்பிணியைப் பார்த்துவிட்டு, வளையல் இல்லை என்று மட்டும் யாராவது சொல்வார்களா?

உங்களுக்குச் சொன்ன ஆள் என்னைப் பார்க்கவே இல்லை.

இருமல். சீக்கிரம் திரும்பியது. வளையல். நீங்கள் தெரிந்துவைத்திருந்தது எல்லாம் சத்தம். எல்லாம் கேட்டருகே. நான் ரோட்டை மாற்றியது நானே எழுதும் வரை உங்களுக்குத் தெரியாது.

அத்தையிடம் கேட்டேன். கேட்டதும் சொல்லிவிட்டார்கள். "விடியக்காலம் அவன் போன் போடுவான். ரெண்டு வார்த்த பேசிட்டு, கட் பண்ணாதம்மா, ஜன்னல்லயே வச்சுட்டுப் போம்பான். நான் பால் காய்ச்சப் போயிருவேன். வீட்டுச் சத்தம் கேக்கணுமாம் அவனுக்கு."

தெரு முழுக்க நான் தேடிய ஆள் நீங்கள்.

உமாராணி அக்கா வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. "மொதல்ல சாப்புடு" என்றார்கள். சாப்பிட்டேன். வேணு அண்ணனுக்கு நான் சந்தேகப்பட்டதே தெரியாது. பஸ்ஸை எதற்கு மெதுவாக்கினார் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது. வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒருத்தி ரோட்டோரம் ஓடினால் யாருமே மெதுவாக்குவார்கள்.

உங்களைத்தான் புரியவில்லை. என்னைப் பிடிக்கக் காது வைத்தீர்களா, நான் திரும்பி வந்துவிட்டேனா என்று காது வைத்தீர்களா? இரண்டுக்கும் ஒரே காதுதான். உங்களுக்கே தெரியுமா?

நீங்கள் கேட்காத கேள்விக்குப் பதில்: இல்லை. கலைய வேண்டும் என்று ஓடவில்லை. போன வருஷமும் இல்லை. இதை இன்னொரு தடவை எழுத மாட்டேன்.

இன்று விடியற்காலையும் ஜன்னலில் போன் இருந்தது. எடுத்துக் காதில் வைத்தேன். நீங்கள் மூச்சுவிடுவது கேட்டது. தூரத்தில் ஏதோ லாரி. போனை இருந்த இடத்திலேயே வைத்தேன். இரண்டு கையிலிருந்தும் சாக்ஸைக் கழற்றினேன். கேட்டைத் திறந்து, விழுந்துவிடாமல் மெதுவாக, வளையல் குலுங்க ஓடினேன். போனதும் கேட்டிருக்கும், வந்ததும் கேட்டிருக்கும்.

திரும்பி வந்ததும் போனைக் கட் செய்தேன். அதை ஜன்னலிலிருந்து எடுத்து என் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். பிறகு அத்தை ஆற்றிக் கொடுத்த பாலைக் குடித்தேன்.

எழில்மதி