அறுபத்தாறு விழவே இல்லை

துபாய்
14-10-86

என் செல்ல மகள் இன்பமணிக்கு அம்மா எழுதுறது. கர்த்தர் உன்னையும் மருமகனையும் உன் வயித்துல இருக்கிற பிள்ளையையும் தம் செட்டைக்குள்ள வச்சுக் காக்கட்டும். இங்க சுகம், அங்க சுகமான்னு முதல் வரியிலேயே கேக்குறதுதான் என் பழக்கம், இன்னிக்கு அதைக் கடைசிக்குத் தள்ளி வச்சிருக்கேன், படிச்சுக்கிட்டே வா, ஏன்னு தெரியும். பக்கத்து ரூம் சிஸ்டரோட அண்ணன் ரெங்கராஜ் வியாழக்கிழமை லீவுல போறார், மெட்ராஸ்ல இறங்கினதும் இதைத் தபால்ல போட்டுருவார், பிள்ளைக்கு நாலு சட்டையும் ஒரு பால்மாவு டின்னும் அவர் கையில குடுத்திருக்கேன், மஞ்சள் சட்டை கொஞ்சம் பெருசு, இருக்கட்டும், வளந்துக்கிட்டே போட்டுக்கிடும்.

எங்க வார்டுல ஒரு அமெரிக்காக்காரர் படுத்திருக்கார், டால்டன்னு பேரு, எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியர், கண்ணுல பெரிய ஆபரேஷன், ரெண்டு கண்ணையும் சேத்துக் கட்டிப் போட்டிருக்கு, பத்து நாள் தலையை அசைக்கக் கூடாது. மனுஷன் ஆஸ்பத்திரிக்கு வரும்போது துணிமணி கொண்டு வந்தாரோ என்னவோ, ஒரு பழைய அட்டைப்பெட்டியை நெஞ்சோட அணைச்சுக் கொண்டு வந்தார். உள்ளே பாத்தா ஓரமெல்லாம் நைஞ்ச சீட்டுக் கட்டு, சிவப்புல ஒண்ணு வெள்ளையில ஒண்ணு ஆறு பக்கத் தாயக்கட்டை. சூதாட்டமோன்னு நான் முகத்தைச் சுளிச்சேன், கட்டையைக் கண்டதும் எனக்குச் சிலுவையடியில சீட்டுப்போட்ட சேவகர் ஞாபகம்தான் வந்துச்சு. அது அப்படி இல்லட்டி. பேஸ்பால்னு அவங்க ஊர்ல ஒரு ஆட்டம், நம்ம கிரிக்கெட் மாதிரிதான், மட்டை மட்டும் உலக்கை கணக்கா உருண்டையா இருக்கும். முப்பத்து நாலு வருஷத்துக்கு முந்தி நடந்த ஒரு சாம்பியன்ஷிப்ல ஆடின ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சீட்டு. கட்டை ரெண்டையும் உருட்டணும், சிவப்புல ஆறு வெள்ளையில நாலு விழுந்தா அறுபத்து நாலு, அந்த ஆளோட சீட்டுல அறுபத்து நாலுக்கு நேரா என்ன போட்டிருக்கோ அதுதான் நடந்ததுன்னு கணக்கு. மொத்தம் ஏழு ஆட்டம், நாலு ஜெயிச்சவனுக்குக் கோப்பை. இவர் ஊர் டீம் அந்த வருஷம் ஏழாவது ஆட்டத்துல தோத்துப்போச்சாம். சீட்டெல்லாம் அவருக்கு மனப்பாடம், கண்ணுதான் இல்லை. டியூட்டி முடிஞ்சதும் மூணு மணிக்கு அரைமணி நேரம் நான் மருந்து ட்ரேயில கட்டையை உருட்டி எண்ணைச் சொல்லுவேன், என்ன நடந்துச்சுன்னு அவர் சொல்லுவார். உன் அம்மா இப்ப பேஸ்பால்ல பாதி டாக்டர், சிரிக்காதே.

அறுபத்தாறு விழுந்தா பெரிய அடி, நம்ம சிக்ஸர் மாதிரி, அது மட்டும் எனக்குச் சீக்கிரமே பிடிபட்டுப்போச்சு. நர்ஸ் புத்தி எப்படின்னு உனக்குத் தெரியும்லா, காய்ச்சல் நூத்து மூணு இருந்தாலும் நோயாளிகிட்ட லேசா இருக்குன்னுதானே சொல்லுவோம், சொன்னதும் அவங்க முகம் தெளியும். அதே கைப்பழக்கத்துல இவர் டீம் தோக்குற மாதிரி வரும்போதெல்லாம் அறுபத்தாறு, அறுபத்தாறுன்னு அளந்துவிட்டேன். ஞாயித்துக்கிழமை ஏழாவது ஆட்டம், கடைசி ஆள், விழுந்தது அறுபத்து நாலு. நான் சத்தமா அறுபத்தாறுன்னேன். மனுஷன் சிரிக்கலை. கையை நீட்டி ட்ரேயைத் தேடி வெள்ளைக் கட்டையை எடுத்து, அதுல இருந்த குழியை ஒண்ணு ஒண்ணா விரலால தடவினார். நாலு. எனக்கு பூமி பிளந்து உள்ளே போயிரலாமான்னு இருந்துச்சு. இருபத்தாறு வருஷம் சர்வீஸ், எவர்கிட்டயும் இப்படித் தலைகுனிஞ்சதில்லை.

திட்டுவார்னு பாத்தேன், திட்டலை. அந்த ஆட்டம் நடந்தப்போ அவர் இருபது வயசுப் பட்டாளத்துக்காரராம், கொரியாவுல சண்டையில இருந்தாராம். அவங்க அப்பா கடிதம் போட்டிருக்கார், நம்ம டீம் ஜெயிச்சிருச்சு, நானும் நல்லா இருக்கேன்னு. ஒரு வாரம் கழிச்சு கேம்ப்புக்கு வந்த பேப்பர்ல பாத்தா டீம் தோத்திருக்கு. பிள்ளை சந்தோஷப்படட்டுமேன்னு ஒரு பொய். ஆனா அப்ப ரெண்டாவது வரியும் பொய்யா இருக்குமோன்னு இவர் அன்னிக்கே லீவு கேட்டாராம். பொய்தான் மக்கா. அப்பாவுக்கு அப்பவே முடியாம இருந்திருக்கு, இவர் லீவு கிடைச்சு ஊருக்குப் போறதுக்குள்ள அடக்கம் முடிஞ்சிருந்தது. அதைச் சொல்லிட்டு, அறுபத்து நாலுன்னா கேட்ச், ஆட்டம் முடிஞ்சுது, எங்க டீம் மறுபடியும் தோத்துருச்சு, நன்றி சிஸ்டர்னார். நேத்து முதல் ஆட்டத்துல இருந்து திரும்ப ஆரம்பிச்சாச்சு. நான் என்ன எண் சொன்னாலும் அவர் கை ட்ரே பக்கம் வரலை. அது எனக்கு ரெண்டு அறை விட்டதை விட அதிகமா உறைச்சுது.

இன்பமணி, டிசம்பர் முதல் வாரம் வந்துருவேன்னு உனக்கு மூணு கடிதம் எழுதினேன்லா, மூணும் பொய். ஆகஸ்ட்லேயே மேட்ரன் முடியாதுன்னுட்டாங்க. வார்டுல ரெண்டு பேர் பிரசவ லீவுல போயிட்டாங்க, மார்ச்சுக்கு முன்னால உனக்கு லீவு கிடையாதுன்னு கையெழுத்துப் போட்டு பேப்பரையும் குடுத்தாச்சு. ஊரார் பிரசவத்துக்கெல்லாம் லீவு இருக்கு, என் பிள்ளை பிரசவத்துக்கு நான் போகமுடியலை, இதை எங்க போய்ச் சொல்லி அழ. எப்படியாவது மாறிடும், உன் மனசு உடையாம இருக்கட்டும்னுதான் மறைச்சேன். அம்மா வருவாள்னு நம்பி நாசரேத் பெரியம்மா கூப்பிட்டும் நீ போகமாட்டேன்னுட்ட, மருமகன் வேலைக்குப் போனா நெய்வேலி குவார்ட்டர்ஸ்ல தனியா உக்காந்திருக்க. தப்பு முழுக்க என் மேலதான். என்னை எவ்வளவு வேணாலும் திட்டிக்கோ, ஆனா இந்தக் கடிதம் கண்டதும் பெரியம்மாவுக்குத் தந்தி குடு, அவங்க ஓடி வருவாங்க, உனக்கு முதல் தடவை தலை சீவிவிட்ட கை அது.

இப்ப சுகம் எழுதுறேன். எனக்கு முட்டுவலி இருக்கு, ராத்திரி சரியா தூக்கம் இல்லை, மத்தபடி சாப்பிடுறேன், டியூட்டி பாக்குறேன். இது உள்ளது உள்ளபடி. உன் சுகத்துக்கு வாரேன். நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு எழுதுறியே, கால் வீங்கிச் செருப்பு நுழையலை, தலைவலின்னு படுத்துக்கிடுறாள்னு மருமகன் எனக்குத் தனியா எழுதிட்டார். அவரைப் பிடிச்சுச் சண்டை போடாதே. கால் வீக்கமும் தலைவலியும் சேந்து வந்தா அது சும்மா இல்லட்டி, நான் பாத்த வேலை இது. உப்பு, கருவாடு, ஊறுகாய் தொடாதே, நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரியில போய் பிரஷர் பாரு, கண்ணு மங்கினா ஒரு நிமிஷம் வீட்டுல நிக்காதே. டாக்டர் சீட்டுல என்ன எண் எழுதினாரோ அதை அப்படியே எனக்கு எழுது, குறைச்சு எழுதாதே. டால்டன் சாருக்குச் சந்தேகம் வந்ததும் கையை நீட்டித் தடவிப் பாத்துக்கிட்டார். எனக்கு இங்க இருந்து உன் காலைத் தொட்டுப் பாக்கக் கை எட்டாது மக்கா, நீ எழுதுறதுதான் எனக்குக் கண்ணு.

கர்த்தர் உன் பக்கத்துல நிப்பார், நான் நிக்கவேண்டிய இடத்துல.

தந்தி குடுக்க மறந்துராதே.

உன்கிட்ட இனிமேல் பொய் எழுதாத அம்மா,
ஜெபராணி