கரண்டியில் நிற்கிற கஞ்சி

அருமை அக்கா மகளே,

யாரும் நம்பாத கதை ஒன்றைச் சத்தியம் பண்ணிச் சொல்கிறேன், கேள்.

வடமாலபேட்டை அங்கன்வாடிக் கட்டடம் ஒழுகுவதால், தாய்மார் வகுப்பு இப்போது நம் வீட்டுக் கூடத்தில்தான் நடக்கிறது. உன் அத்தையின் கட்டிலை உள்ளே தள்ளிவிட்டேன். அவள் போனதிலிருந்து சும்மாதானே கிடந்தது.

டீச்சர் கரண்டியைச் சாய்த்துக் காட்டினாள். "கஞ்சி இப்பிடி ஒட்டிக்கினு நிக்கணும். தண்ணியா ஊத்தினா வயிறு ரொம்பும், வெயிட் ஏறாது. முட்டைய மசிச்சுப் போடு, எண்ண ஒரு ஸ்பூன் விடு."

வகுப்புக்கு வந்திருந்த சுகுணாவின் மகள் வற்றல் மாதிரி இருந்தாள். "கெட்டியா குடுத்தா தொண்ட அடைக்கும்னு மாமியார் திட்டுறாங்க மேடம்," என்று சுகுணா அழப்போனாள்.

நான் விடுவேனா? "கெட்டிக் கஞ்சி துன்ன பையன் ஒருத்தன் மலையடிவாரத்து அலிபிரியில எகிறி மேல திருமலையில குதிச்சாம்மா!"

"தாத்தா, நீ வாய மூடு!" சுகுணா சிரித்துவிட்டாள். சிரித்தபடியே ஊட்டினாள்.

மறுமாதமே அந்தக் குழந்தையின் தலை கூரையில் இடித்தது. எடை பார்க்கும் தராசு நொறுங்கிப்போய், லாரி நிறுக்கிற மேடைக்குத் தூக்கிப் போனோம்.

உன் மகனுக்கு எடையே ஏறவில்லை என்று அழுகிறாயாமே, அக்கா சொன்னாள். குப்பம் ஊரிலிருந்து அவனைத் தூக்கிக்கொண்டு வந்து கொஞ்ச நாள் இரு. வகுப்பு மத்தியானத்தோடு முடிந்துவிடுகிறது. அப்புறம் இந்த வீட்டில் என் பொய்யைக் கேட்க ஆளில்லை.

கூரை, லாரி எல்லாம் புளுகு. முதல் வாய்க் கஞ்சியை விழுங்கிவிட்டு, அந்தக் குழந்தை அடுத்த வாய்க்குத் தானாகவே வாயைத் திறந்தது. அது மட்டும் நிஜம்.

இப்படிக்கு,
உன் புளுகு மாமா