ஆசிரியர் கையிலிருந்த தழும்பு

12-3-1961, ஞாயிறு. திண்டிவனம்.

இறந்துபோன எங்கள் பத்திரிகை ஆசிரியரைப் பற்றி நான் எழுதிய இரங்கல் குறிப்பு வந்த இதழை, இன்று விழுப்புரம் போய் அவர் மனைவியிடம் கொடுத்தேன். "போர்க்கப்பலில் பீரங்கி வீரர்" என்ற இடத்தில் அம்மா நிமிர்ந்தார்.

"பீரங்கின்னு யாருப்பா சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. கடற்படையில் இருந்த நாட்களைப் பற்றி அவர் பேசியதே கிடையாது. முன்கையில் இருந்த தீத்தழும்பைப் பார்த்து நானே ஊகித்து எழுதிவிட்டேன். ஒரு பெயர் தவறினாலும் முதல் பக்கத்தில் திருத்தம் போடுகிறவர் அவர். தழும்பைப் பார்த்து எழுதியதை அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன்.

அம்மாவோ சிரித்துவிட்டார். "கஞ்சி கொட்டின தழும்புப்பா அது. கப்பல்ல சமையல்காரரா இருந்தாரு. வெங்காயம் உரிக்கப் போட்ட இங்கிலீஷ் பேப்பரைப் படிச்சிக்கினு இருந்துதான் பத்திரிகைக்கே வந்தாரு. நீ பேஜாராவாத. ஊருக்கெல்லாம் திருத்தம் போட்டாரே, அவருக்கும் ஒண்ணு போட்டுடு."

திண்டிவனத்துக்கு பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் வரி அமைந்துவிட்டது: "சென்ற இதழில் தவறு. நம் ஆசிரியர் கப்பலில் பீரங்கி சுடவில்லை, சோறாக்கினார்."

ஆறு வருஷத்தில் என் வரி ஒன்றைக்கூட அவர் அடிக்காமல் விட்டதில்லை. இதை விட்டிருப்பார்.